100 போட்டால் 96 வருகிறது: டிவைடருக்கு எண் கொடுக்கும் கதை

பிப்ரவரி 3 | வாசகர் கேள்வி
வரும் துடிப்புகளை எண்ணி அதிர்வெண்ணை வகுக்க, 74 வரிசையில் 193 என்ற கவுண்டர் சிப் இரண்டை அடுக்கி, கீழ்நோக்கி எண்ண வைத்திருக்கிறேன். மேல் சிப்பின் பாரோ காலை (எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்ததும் தாழ்வது) இரண்டு சிப்பின் லோடு காலுக்கும் (சுவிட்சில் உள்ள எண்ணை ஏற்றுவது) கட்டிவிட்டேன். டிப் சுவிட்சில் 100. உள்ளே 1 மெகாஹெர்ட்ஸ் போகிறது, வெளியே 10 கிலோஹெர்ட்ஸ் வரவேண்டும். ஃப்ரீக்வென்ஸி மீட்டர் 10.417 காட்டுகிறது. கிரிஸ்டல் மோசமா?

பிப்ரவரி 3, இரவு
கிரிஸ்டல் இல்லை. கிரிஸ்டல் பிசகினால் பத்து லட்சத்தில் சில பங்கு பிசகும், நூற்றுக்கு நான்கு பிசகாது. எண்ணும்போது பூஜ்யமும் ஒரு நிலை என்பதை மறந்துவிட்டீர்கள். 100-லிருந்து 0 வரை 101 நிலை. 99 போடுங்கள், சரியாகிவிடும்.

பிப்ரவரி 4, காலை
மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டே எழுதியது. 101-ஆல் வகுத்தால் 9.901 வரும், குறையும். உங்களுக்குக் கூடியிருக்கிறது. கணக்கே போடாமல் பதில் சொல்லியிருக்கிறேன்.

193-இல் லோடு க்ளாக்குக்கு (எண்ண வைக்கும் துடிப்புக்கு) காத்திருக்காது, கால் தாழ்ந்த உடனே எண் ஏறிவிடும். எண்ணிக்கை 0-க்கு வந்து, க்ளாக் கீழே இறங்கும்போது பாரோ தாழ்கிறது, அங்கேயே 100 ஏறுகிறது. அதாவது பூஜ்யத்துக்கு அரை க்ளாக்தான் ஆயுள். கணக்குப்படி 100 போட்டால் 100-தான். சிப் சொல்வது சரி, நான் சொன்னது தப்பு. அப்படியானால் 10.417 எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 4, மதியம்
99 போட்டும் 10.417, 98-க்கும் அதே, 97-க்கும் அதே என்கிறார் வாசகர். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் உளறியிருக்க மாட்டேன்.

1000 கிலோஹெர்ட்ஸை 10.417-ஆல் வகுத்தால் 96. ஒரு சிப் 0 முதல் 15 வரைதான் எண்ணும், ஆகவே மேல் சிப்பில் ஒன்று என்றால் 16. மேல் சிப்பில் 6, கீழ் சிப்பில் 4: ஆறு பதினாறு தொண்ணூற்றாறு, கூட நாலு, ஆக 100. அந்த நாலு ஏறவில்லை. 99-இல் மூன்று ஏறவில்லை, 98-இல் இரண்டு. சோதித்துப் பார்க்க 112 போடுங்கள், 8.929 வர வேண்டும். 95 போட்டால் 80-ஆல் வகுத்து 12.5 வர வேண்டும். வந்தால் கீழ் சிப் லோடே ஆகவில்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 4, இரவு
இரண்டும் அப்படியே வந்ததாம். ஆனால் ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி) ப்ரோபை லோடு காலில் வைத்ததும் மீட்டர் 10.000-க்கு வந்துவிடுகிறதாம், எடுத்தால் மறுபடி 10.417. “ப்ரோபை அப்படியே விட்டுவிடலாமா” என்று கேட்கிறார். விடலாம், அந்த ஸ்கோப்பையும் சேர்த்து டப்பாவுக்குள் வைத்து மூடுவதானால்.

நடப்பது இதுதான். பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கிக் கழித்தோமே, பாரோ என்பது அந்தக் கடன்தான். மேல் சிப் பூஜ்யமாக இருக்கும்வரைதான் அதன் கடன் கால் தாழ்ந்திருக்கும். தாழ்ந்ததும் இரண்டு சிப்பும் லோடு ஆகத் தொடங்குகின்றன. மேல் சிப் முந்திக்கொண்டு 6-ஐ ஏற்றிக்கொள்கிறது. ஏற்றியதும் அது பூஜ்யம் இல்லை, ஆகவே கடன் கால் எழுந்துவிடுகிறது. லோடு முடிந்தது. கீழ் சிப் 4-ஐ வாங்கக் கதவுக்கு வந்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. எல்லாம் சில பத்து நானோ செகண்டில் நடக்கிற கதை. ப்ரோபின் கப்பாசிட்டன்ஸ் அந்தக் காலை இறங்கவும் ஏறவும் கொஞ்சம் சோம்பேறியாக்குகிறது, பல்ஸ் நீள்கிறது, கீழ் சிப்புக்கும் நேரம் கிடைக்கிறது.

என்னிடம் பழைய போர்டு ஒன்று இருக்கிறது. லோடு காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 220 பிகோ கப்பாசிட்டர், பக்கத்தில் என் கையெழுத்தில் “கழற்றாதே”. ஏன் என்று எழுதவில்லை. எழுத எனக்கு அப்போது காரணம் தெரியாது.

பிப்ரவரி 5
கப்பாசிட்டர் வேண்டாம். ஒரு 7400 எடுங்கள். அதற்குள் இருக்கும் நேண்ட் கேட்டுகளில் இரண்டைக் கொண்டு ஒரு லாட்ச் (விடுவிக்கும்வரை ஒரே நிலையைப் பிடித்து வைப்பது). கடன் கால் தாழ்ந்தால் லாட்ச் விழட்டும், லோடு காலைத் தாழ்த்தி அப்படியே பிடித்துக்கொள்ளட்டும். மூன்றாவது கேட்டை இன்வர்ட்டராக்கி (0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றுவது), க்ளாக் மேலே ஏறும்போது லாட்ச்சை விடுவியுங்கள். இப்போது லோடு, க்ளாக் தாழ்ந்திருக்கும் அரைச் சுற்று முழுக்க நிற்கும். 1 மெகாஹெர்ட்ஸில் அது 500 நானோ செகண்ட். எந்தச் சிப்புக்கும் தாராளம். 100 போட்டால் 100.

பிப்ரவரி 6
“இப்போது 9.901 வருகிறது.”

ஆமாம், வரும். லாட்ச் விடுபடுவது க்ளாக் ஏறிய பிறகு, இரண்டு மூன்று கேட் தாமதத்தில். அந்த ஏற்றம் வந்த நொடியில் லோடு கால் இன்னும் தாழ்ந்தே இருக்கிறது, அதனால் 193 அந்த ஒரு க்ளாக்கை எண்ணாமல் விடுகிறது. வகுப்பது 101. ஆகவே 99 போடுங்கள்.

முதல் நாள் சொன்னதும் 99-தான் என்று யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். விடை சரி, வழி தப்பு. பரீட்சையாக இருந்தால் எனக்குப் பூஜ்யம்தான்.

பிப்ரவரி 6, சற்று கழித்து
உண்மையைச் சொன்னால் இந்த வேலைக்கு 193-ஐ எடுத்ததே வம்பு. 163 எடுங்கள். அது மேல்நோக்கித்தான் எண்ணும், ஆனால் லோடு க்ளாக்கோடு சேர்ந்தே நடக்கும். லோடு கால் தாழ்ந்தாலும் அடுத்த க்ளாக் வரும்வரை எதுவும் அசையாது. அந்த க்ளாக்கில் இரண்டு சிப்பும் ஒன்றாக ஏற்றிக்கொள்ளும், முந்துகிற பேச்சே கிடையாது. இரண்டு சிப் அடுக்கினால் 255 வரை போகும். மேல் சிப்பின் கேரி காலை (எண்ணிக்கை உச்சிக்கு வந்ததும் உயர்வது) ஒரு இன்வர்ட்டர் வழியாக இரண்டு லோடு காலுக்கும் கொடுங்கள். ஏற்ற வேண்டிய எண் 256-இல் 100 போக 156. மேல் சிப்பில் 9, கீழ் சிப்பில் 12.

பிப்ரவரி 7
ஒன்று விட்டுப்போனது. உங்கள் டிப் சுவிட்ச் கிரவுண்டுக்குப் போகிறது, மேலே புல்-அப் ரெசிஸ்டர் (சுவிட்ச் ஆஃப் ஆனால் காலை 1-க்கு இழுத்து வைப்பது) என்றீர்கள். அதாவது ஆன் என்றால் காலுக்குப் போவது 0. 193-க்கு அதனால்தான் ஆஃப் நிலைகளை எண்ணி 100 வைத்திருப்பீர்கள். 163-க்கு அதுவே வசதி. 156-இன் பூஜ்யங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே ஆன். அந்த ஆன்களைக் கூட்டினால் 255-இல் 156 போக...

99.

இந்த எண் என்னை விடாது போலிருக்கிறது.

பிப்ரவரி 9
இன்னொருவர் கேட்கிறார்: இத்தனை பாடு எதற்கு, ஒரு ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டி போர்டு) போட்டால் ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண் வைக்கும் இடத்தில்) எண்ணை எழுதினால் முடிந்ததே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பேரனுக்கு ஒரு குட்டி ஆர்கன் செய்து கொடுத்தேன். ஆர்டுயினோவில் இருக்கும் ஏடிமெகா328 சிப், 16 மெகாஹெர்ட்ஸ், 16 பிட் டைமர். டைமர் ஒரு எண்ணைத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பி, வெளிக்காலைத் திருப்பிப்போடும் முறை. 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 7999, 2 கிலோஹெர்ட்ஸுக்கு 3999. (8000-மும் 4000-மும் இல்லை. இங்கே பூஜ்யம் முழு க்ளாக் வாழ்கிறது, ஆகவே ஒன்று குறைக்க வேண்டும். பிப்ரவரி 3-ஆம் தேதி நான் சொன்னது இந்தச் சிப்புக்குப் பொருந்தும். எந்தச் சிப் என்று பார்க்காமல் சொன்னதுதான் கோளாறு.)

ஸ்வரம் மாறும்போது இரண்டு தடவைக்கு ஒரு தடவை “டக்” என்று ஒரு சத்தம். ஸ்பீக்கரை மாற்றினேன், சாலிடரை மறுபடி வைத்தேன். பேரன் அதை மிருதங்கம் என்று முடிவு செய்துவிட்டான்.

பிறகுதான் உறைத்தது. டைமர் 5000-இல் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் பார்த்து 3999 என்று எழுதுகிறேன். அது 3999-ஐத் தாண்டிப் போயாயிற்று. திரும்பிப் பார்க்காது. 65535 வரை ஓடி, பூஜ்யத்துக்கு வந்து, அப்புறம்தான் 3999-ஐச் சந்திக்கும். அந்த வீண் சுற்றுக்கு ஏறக்குறைய 4 மில்லி செகண்ட். 7999-லிருந்து 3999-க்கு மாறும்போது டைமர் பாதி நேரம் 3999-க்கு மேலேதான் இருக்கும், அதனால்தான் இரண்டுக்கு ஒன்று. அதே சிப்பில் வேகப் பி.டபிள்யூ.எம் என்ற இன்னொரு டைமர் முறையில், அதே ரெஜிஸ்டரை உச்சியாக வைத்தால், எழுதிய எண் ஓரமாகக் காத்திருந்து, சுற்று முடிந்த பிறகே உள்ளே போகும். அதற்கு மாற்றினேன், சத்தம் போய்விட்டது. பேரனுக்குத்தான் வருத்தம்.

ஆகவே வகுஎண்ணை எழுதுவது ஒரு வேலை, அது எந்த நொடியில் ஏறுகிறது என்பது இன்னொரு வேலை. 193-இல் அது சீக்கிரம் முடிந்துபோனது. இங்கே வரக்கூடாத நேரத்தில் வந்தது. இரண்டுமே நேரக் கோளாறு, கணக்குக் கோளாறு இல்லை.

பிப்ரவரி 10
இந்த விஷயத்தில் இன்டெலின் பழைய 8254 டைமர் சிப்புக்கு ஒரு கும்பிடு. முறை 2-இல் ஓடும்போது புது எண் எழுதினால், ஓடுகிற சுற்றைக் கலைக்காது, அடுத்த சுற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். முறை 3 சதுர அலை, அதில் அரைச் சுற்று முடிந்ததும் எடுத்துக்கொள்ளும். ஒற்றைப்படை எண் கொடுத்தால் கோபிக்காது: 5 என்றால் மூன்று க்ளாக் மேலே, இரண்டு கீழே. 0 எழுதினால் 65536. பழைய ஐ.பி.எம் பி.சி.யில் 1.193182 மெகாஹெர்ட்ஸை அந்த 0-ஆல் வகுத்துத்தான் செகண்டுக்கு 18.2 டிக் வந்தது. பூஜ்யத்தால் வகுத்து விடை கண்ட இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பிப்ரவரி 14
“வேறுவேறு எண் போட்டும் ஒரே விடை” என்று 193 வாசகர் சொன்னதில் பழைய காயம் ஒன்று ஞாபகம் வந்தது. நீளமாகப் போகும்.

எஃப்.எம் ரேடியோவின் ஐ.எஃப் (இடைநிலை அதிர்வெண்) காயில்களைத் திருப்பிச் சரிசெய்ய ஒரு ஆஸிலேட்டர் வேண்டியிருந்தது. நடு 10.7 மெகாஹெர்ட்ஸ், அதற்கு இருபக்கமும் 5 கிலோஹெர்ட்ஸ் படியாக நகர வேண்டும். மோட்டரோலா எம்.சி.145152 கையில் இருந்தது: ஆஸிலேட்டரை வகுத்து, கிரிஸ்டலிலிருந்து வந்ததோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும் இடத்தில் ஆஸிலேட்டரைப் பூட்டும் லூப்புக்கான சிப். அதன் 16 கால்களை மேலே கீழே கட்டித்தான் வகுஎண் கொடுக்க வேண்டும், சீரியல் கீரியல் எதுவும் இல்லை. முன்னால் ஒரு 64/65 ப்ரீஸ்கேலர் (64-ஆலோ 65-ஆலோ முதலிலேயே வகுத்துக் கொடுப்பது). 10.24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 2048-ஆல் வகுத்தால் 5 கிலோஹெர்ட்ஸ். 10.7-க்கு வகுஎண் 2140. கட்டினேன், பூட்டியது, மீட்டரில் 10.700. அன்றைக்கு இரவு நல்ல தூக்கம்.

மறுநாள் 10.500 வைத்தேன், மீட்டரில் 10.400. 10.450 வைத்தேன், 10.400. 10.555-க்கும் 10.400. ஆனால் 10.560 வைத்தால் துல்லியமாக 10.560. லூப் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் பூட்டுகிறது, லாக் விளக்கு எரிகிறது, தப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு. சுவிட்சைச் சந்தேகப்பட்டேன், சாலிடரைச் சந்தேகப்பட்டேன், சிப் போலியோ என்று விற்ற கடைக்காரரைக்கூட மனதுக்குள் திட்டினேன்.

இந்த வகைச் சிப் எப்படி எண்ணுகிறது என்று வெற்றிலைக் கட்டு வைத்துச் சொல்கிறேன். கட்டுக்கு 64 வெற்றிலை. 2140 வெற்றிலை வேண்டும். 33 கட்டுக்கு 2112, மீதி 28. அந்த 28-ஐத் தனியாகக் கட்ட வழியில்லை. ஆகவே முதல் 28 கட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றிலை கூடச் சொருகி 65 ஆக்குகிறோம், பாக்கி 5 கட்டு 64 ஆகவே இருக்கிறது. கட்டுகளை எண்ணுவது 10 பிட் கவுண்டர், சொருகுவதை எண்ணுவது 6 பிட் கவுண்டர். 64 என்பது 6 பிட்டுக்குச் சரியாக அமைவதால், இரண்டின் கால்களையும் வரிசையாகப் பார்த்தால் 2140-ஐ இரும எண்ணாக எழுதியது போலவே இருக்கும். கட்டுவதற்குச் சுகம், அந்தச் சுகத்தில்தான் ஏமாந்தேன்.

இப்போது 10.555-க்கு வாருங்கள். 2111 வெற்றிலை. 32 கட்டு, மீதி 63. கட்டுக்கு ஒன்று வீதம் சொருகினால் 32-தான் போகும். 31 வெற்றிலை கையில் நின்றுவிடும். சிப் என்ன செய்யும்? கட்டு தீர்ந்ததும் இரண்டு கவுண்டரையும் ஒன்றாகத் திரும்ப நிரப்பிவிடும், சொருகல் பாக்கி இருக்கிறதா என்று பார்க்காது. 32 கட்டு, எல்லாமே 65: 2080. அதை 5 கிலோஹெர்ட்ஸால் பெருக்குங்கள். 10.400.

10.405 முதல் 10.555 வரை 31 எண், எல்லாவற்றுக்கும் ஒரே விடை. 2140-இல் சொருக வேண்டியது 28, கட்டு 33 இருந்தது, அதனால் தப்பித்தது. முதல் நாள் 10.700-க்குப் பதிலாக 10.750 வைத்திருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். (2150 என்பது 33 கட்டு, மீதி 38. 10.725-இல் போய் நிற்கும்.)

பிப்ரவரி 15
மேலே விட்டுப்போனது: இடைவெளி இல்லாமல் எல்லா எண்ணும் கிடைக்க வேண்டுமென்றால் குறைந்தது 64 × 63, அதாவது 4032-லிருந்து தொடங்க வேண்டும். அதற்குக் கீழே சிலது வரும், சிலது வராது. டேட்டாஷீட்டில் இருக்கிறது. டேட்டாஷீட் என்னிடமும் இருந்தது.

எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்டவருக்கு: ஆஸிலேட்டரை எட்டு மடங்கு மேலே, 85.6 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, வெளியே எட்டால் வகுத்தேன். அங்கேயும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். வெளியே அதே 5 கிலோஹெர்ட்ஸ் படி வேண்டுமே என்று உள்ளே 40 கிலோஹெர்ட்ஸ் வைத்தேன். 85.6-ஐ 40 கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் 2140. எட்டு மடங்கு சுற்றிப் போய் அதே வாசலில் நின்றேன். பிறகு உள்ளே 5 கிலோஹெர்ட்ஸையே வைத்தபோது 17120: 267 கட்டு, 32 சொருகல், பிரச்சினை இல்லை. வெளியே 625 ஹெர்ட்ஸ் படி கிடைத்தது, கேட்காமல் கிடைத்த கொசுறு.

பிப்ரவரி 15, இரவு
10.24 என்று ஏன் இப்படி ஒரு கிரிஸ்டல் என்று ஒருவர். 10 கிலோஹெர்ட்ஸை 1024-ஆல் பெருக்கியது. ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் பாதியாக்கும், பத்து போட்டால் 10 கிலோஹெர்ட்ஸ் சுளையாக வரும். சி.பி ரேடியோக்களில் (பொதுமக்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ) 10 கிலோஹெர்ட்ஸ் படி என்பதால் அங்கே நிறைய ஓடியது. சுவர்க் கடிகாரத்தின் 32768-ம் அதே சங்கதி, பதினைந்து தடவை பாதியாக்கினால் ஒரு செகண்ட். வகுஎண் கட்டுவதை எளிதாக்கக் கிரிஸ்டலையே வளைத்த காலம்.

பிப்ரவரி 20
வகுஎண்ணை எங்கே எழுதுகிறோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 4018 என்ற வகுக்கும் சிப்பில், ஒயரில். அதன் ஐந்து வெளிக்கால்களில் எதைத் திரும்ப உள்ளே கொடுக்கிறோமோ அதுதான் எண்: ஐந்தாவதைக் கொடுத்தால் 10, நான்காவது 8, மூன்றாவது 6. ஒற்றைப்படை வேண்டுமென்றால் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் இரண்டை ஒரு ஆண்ட் கேட்டில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 4059-இல் சுவிட்சில், 3 முதல் 15999 வரை. அதன் மோடு அட்டவணையை ஒரு தடவையில் புரிந்துகொண்டவர் யாராவது இருந்தால் கை தூக்கவும். எம்.எம்.5369-இல் எங்கேயும் எழுத முடியாது, தொழிற்சாலையிலேயே உலோகப் படலத்தில் எழுதிவிட்டார்கள்: அமெரிக்க டி.வி.யின் 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 59659-ஆல் வகுத்து 60 ஹெர்ட்ஸ். அதில் மட்டும் ஒன்று கூட்டுவதா குறைப்பதா என்ற சண்டையே இல்லை.

பிப்ரவரி 22
ஏ.டி.எஃப்.4351 (இதுவும் பூட்டும் லூப் சிப்தான், பின்னத்தாலும் வகுக்கும்) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 145.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், உள் ஆஸிலேட்டர் 2200-க்குக் கீழே இறங்காது. ஆகவே 16 மடங்கு, 2328. ஒப்பீட்டு அதிர்வெண் 25 மெகாஹெர்ட்ஸ் என்றால் வகுஎண் 93.12. முழு எண் 93, பின்னம் 25-இல் 3. நீங்கள் பின்னத்தின் கீழ் எண்ணை மாற்றிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். அது வேறு ரெஜிஸ்டரில் இருக்கிறது. எழுதினாலும் காத்திருக்கும், ரெஜிஸ்டர் 0-ஐ மறுபடி எழுதும்போதுதான் உள்ளே போகும். முதல் தடவை ரெஜிஸ்டர் 5-லிருந்து இறங்கி 0-இல் முடிக்கச் சொல்வதும் அதனால்தான். ஆர்கனில் நான் பட்ட பாட்டை இந்தச் சிப் செய்தவர்கள் முன்னாடியே பட்டிருக்கிறார்கள்.

மார்ச் 2
193 நண்பர் திரும்பி வந்தார். 163 போட்டாயிற்று, சுவிட்சில் 99, மீட்டரில் 10.000. ஆனால் ஸ்கோப்பில் மெல்லிய ஊசி ஊசியாக வருகிறது, சதுரமாக வேண்டும் என்கிறார்.

நூறு க்ளாக்கில் ஒன்றில் மட்டும்தான் கேரி உயரும், ஊசியாகத்தான் இருக்கும். கேரியின் பின்னால் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் போட்டுப் பாதியாக்குங்கள், மேலும் கீழும் சரிசமமாகிவிடும். அதற்கு முன்னால் 50-ஆல் வகுத்தால் போதும். ஏற்ற வேண்டியது 206, மேல் சிப்பில் 12, கீழ் சிப்பில் 14. சுவிட்சில் ஆன் கணக்கு 49.

இந்தத் தடவை எழுதும் முன்பு பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சாப்பாடு ஆறிவிட்டது.